12-வது ஆட்டம் தோற்ற பிறகு: குகேஷ் மேலே வந்த விதம்

#1 கறுப்புக்காய்

கோவாவில் நடந்த சதுரங்க உலகக் கோப்பையில் ஜெர்மனிக்காரர் ஃபிரெடரிக் ஸ்வானேயிடம் தோற்று குகேஷ் மூன்றாவது சுற்றோடு வெளியேறினார். அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே பாட்டு: "டிங் லிரன் கை நழுவ விட்டார், இவர் பொறுக்கிக்கொண்டார்." சிங்கப்பூரில் சீனாவின் டிங்கை வீழ்த்தி குகேஷ் உலக சாம்பியன் ஆன 2024 டிசம்பர் 12 அன்று இதே ஆட்கள்தான் ஸ்டேட்டஸ் ஸ்டேட்டஸாக வைத்துத் தள்ளினார்கள்.

எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. இவர் ஏறி வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு பலமான அடி விழுந்திருக்கிறது.

2019 ஜனவரி 15, டெல்லி. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய கடைசி நார்ம் (தகுதிப் படி) கிடைத்து கிராண்ட்மாஸ்டர் ஆகிறார். வயது 12 வருடம் 7 மாதம் 17 நாள். கர்யாகினின் சாதனை 12 வருடம் 7 மாதம். பதினேழே நாளில் "உலகிலேயே இளையவர்" என்ற பட்டம் போச்சு. அதற்காகவே ஊர் ஊராகப் போட்டி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்?

2022, மாமல்லபுரம் ஒலிம்பியாட். இந்தியா 2 அணியின் முதல் பலகை, வயது 16. முதல் எட்டு ஆட்டத்திலும் வெற்றி. எட்டாவது பலி அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுடன் நல்ல நிலையில் இருந்து, நேர நெருக்கடியில் குதிரையைக் கோட்டைவிட்டு ஆட்டத்தையே இழந்தார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. நம் பிள்ளைகளுக்கு வெண்கலம். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த நான் டிவியை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றேன். இரண்டு வருடம் கழித்து புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் அதே முதல் பலகையில் 10-க்கு 9. இந்தியாவுக்குத் தங்கம்.

டொராண்டோ, சிங்கப்பூர் கதையும் இதேதான். எழுதினால் நீண்டுவிடும், மற்றவர்கள் சொல்லட்டும்.

#2 சந்தேகன்

கறுப்பு, உங்களுக்குப் பிடித்த தோல்விகளை மட்டும் பொறுக்கி மாலை கட்டியிருக்கிறீர்கள். தோற்று எழாத ஆட்டக்காரர் யார்? எல்லாரும் தோற்கிறார்கள், எல்லாரும் அடுத்த போட்டிக்குப் போகிறார்கள்.

என் கணக்கு இது. உலக சாம்பியனாக இருந்த கார்ல்சன் வேண்டாம் என்று உதறிய பட்டம் டிங்கிடம் போனது. டிங் அதன்பின் உடல்நிலையும் மனநிலையும் சரியில்லாமல் இருந்தார். சிங்கப்பூருக்கு வரும்போது டிங்கின் ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் புள்ளி) 2728, குகேஷ் 2783. இந்த நிலையில் 14 ஆட்டம் ஆடி, கடைசி ஆட்டத்தில் எதிராளியின் பிழையால்தான் ஜெயிக்க முடிந்தது. இன்றைக்கும் உலகின் முதல் இடத்தில் இருப்பது கார்ல்சன். குகேஷ் நல்ல ஆட்டக்காரர், மறுக்கவில்லை. "உச்சம்" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்துவோம்.

#3 நெல்லை_யானை

சந்தேகன் தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு வருகிறேன். பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 14-வது ஆட்டம். ஸ்கோர் 6½–6½. டிராவானால் மறுநாள் ரேபிட் டைபிரேக்கர், அதாவது குறைந்த நேரத்தில் ஆடி முடிவு காண்பது. ரேபிடில் டிங் கை ஓங்கியது என்பது உலகத்துக்கே தெரியும், குகேஷின் பலவீனமே அதுதான். அதனால் டிங் வெள்ளைக் காயை வைத்துக்கொண்டும் காய்களை மாற்றி மாற்றி ஆட்டத்தைச் சப்பையாக்கினார். மிஞ்சியது இரண்டு பக்கமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். அது டிராதான். பத்தில் ஒன்பது பேர் கை கொடுத்துவிட்டு அறைக்குப் போய் ரேபிடுக்குத் தயாராகியிருப்பார்கள்.

இவர் எழுந்திருக்கவில்லை. ராஜாவை ஒரு கட்டம், யானையை ஒரு கட்டம் என்று நகர்த்திக்கொண்டே இருந்தார். எதிரே இருப்பவர் களைத்திருக்கிறார், கடிகாரம் ஓடுகிறது. 55-வது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் கிடந்தது. யானையை யானை வெட்டியது. அடுத்து கறுப்பு பிஷப் டி5-ல் வந்து நின்று வெள்ளை பிஷப்பின் ஒரே பாதையை அடைத்தது. வெட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. வெட்டியதும் மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அந்த எண்ட்கேம் என் மாணவர்களில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும், சிப்பாய் அதிகம் உள்ளவன் ஜெயிப்பான். 58-வது நகர்வோடு டிங் கை கொடுத்துவிட்டார்.

பிழை டிங்குடையது. அந்தப் பிழை நடக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார்?

அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். பிழை தெரிந்த கணத்தில் முகம் மாறுகிறது, சிரிப்பு வந்துவிடுகிறது. உடனே காயைத் தொடவில்லை. தண்ணீர் குடிக்கிறார், மூச்சு விடுகிறார், பிறகுதான் நகர்த்துகிறார். ஆட்டம் முடிந்ததும் கண்ணீர். கண்ணைத் துடைத்தபடியே காய்களை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் அடுக்கி வைக்கிறார். ஜெயித்தாலும் தோற்றாலும் அதுதான் பழக்கம்.

#4 ரொறன்ரோ_மாலா

டொராண்டோ பற்றி நான் சொல்கிறேன், இங்கேதானே நடந்தது. 2024 ஏப்ரல், குவீன் வீதியில் உள்ள கிரேட் ஹால். உலக சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி. எனக்குச் சதுரங்கம் அவ்வளவாகத் தெரியாது. என்ர மகனுக்காகப் போனேன். எட்டு ஆண்களில் மூன்று பேர் இந்தியர்கள்: குகேஷ், பிரக்ஞானந்தா, விதித். பெண்கள் பக்கம் வைஷாலியும் ஹம்பியும். பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் அண்ணன் தங்கை என்று நான் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரருக்குச் சொல்ல, மகன் திருத்தினான்: அக்கா தம்பி. வெட்கமாகப் போய்விட்டது.

ஏழாம் சுற்றில் அலிரேசாவிடம் குகேஷ் தோற்ற அன்று வீட்டுக்கு வரும்வரை மகன் கதைக்கவே இல்லை. நேரம் இல்லாமல் கடைசியில் மேட் வாங்கின ஆட்டம் அது. ஆனால் போட்டி முடிந்த பிறகு குகேஷ் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். அந்தத் தோல்விக்கு அடுத்த ஓய்வு நாளில்தான் "இதை நான் வெல்லலாம்" என்று தோன்றியது என்றார். பதினேழு வயதுப் பிள்ளை!

கடைசி நாள் இன்னும் கூத்து. குகேஷ் நாகமுராவுடன் டிரா செய்து 9 புள்ளியோடு முடித்துவிட்டார். பக்கத்து மேசையில் கருவானாவும் நெப்போம்னியாஷியும். யார் வென்றாலும் அவருக்கும் 9 புள்ளி, குகேஷோடு பிளேஆஃப். கருவானாவுக்கு வெற்றி கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை. 109 நகர்வு போய் டிரா. முடிந்ததும் நெப்போ "மன்னித்துக்கொள்" என்கிறார், கருவானா "என் பிழைதான்" என்கிறார். இரண்டு பேரும் சாவு வீட்டில் இருப்பது மாதிரி இருந்தார்கள்.

#5 ஆவடி_அப்பா

எல்லாரும் பெரிய ஆட்டம் பேசுகிறீர்கள். நான் சின்னதாக ஒன்று கேட்கட்டுமா?

என் பையனுக்கு எட்டு வயது. இரண்டு வருடமாக ஆடுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் இருப்போம். உள்ளே பிள்ளைகள், வெளியே படிக்கட்டில் நாங்கள். டிபன் பாக்ஸில் புளியோதரை. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் எழுந்து நிற்போம். வெளியே வரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே ரிசல்ட் தெரிந்துவிடும். போன மாதம் என் பையன் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டத்தில் ராணியைச் சும்மா கொடுத்துவிட்டு வந்தான். நான் படிக்கட்டிலேயே எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் ஷூ லேஸையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது கோச் சொல்கிறார், அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், குகேஷும் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரம் பள்ளிக்குப் போகவில்லை என்று. உண்மையா? நான் என்ன செய்வது?

#6 நெல்லை_யானை

உண்மைதான் சார். ஆனால் அந்த வாக்கியத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதை உங்கள் கோச் சொல்லவில்லை.

குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், அம்மா நுண்ணுயிரியல் துறை. மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காக அப்பா தன் மருத்துவத் தொழிலை நிறுத்திக்கொண்டார். குடும்பம் அம்மாவின் சம்பளத்தில் ஓடியது. அதுவும் போதாமல் பெற்றோரின் நண்பர்கள் பணம் கொடுத்தார்கள் என்று குகேஷே சொல்லியிருக்கிறார். இரண்டு டாக்டர் இருக்கும் வீட்டுக்கே அந்தக் கதி. ஐரோப்பாவில் ஓப்பன் போட்டி ஆட வேண்டும் என்றால் விமானம், விசா, அறை வாடகை, கூடப் போகும் ஆளுக்கும் அதே செலவு. சிங்கப்பூரில் மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர், அரசு கொடுத்தது 5 கோடி, இதெல்லாம் பேப்பரில் வருகிறது. அதற்கு முந்தைய வருடங்களின் கணக்கு வருவதில்லை.

ஏன் அவ்வளவு அலைச்சல் என்று கேட்பீர்கள். கிராண்ட்மாஸ்டர் ஆக மூன்று நார்ம் வேண்டும், ரேட்டிங் 2500-ஐத் தொட வேண்டும். நார்ம் என்றால் பொதுவாக ஒன்பது சுற்று ஆடி, அதில் 2600 ரேட்டிங் உள்ளவர் ஆடும் தரத்தில் ஆடியிருக்க வேண்டும். எதிராளிகளில் மூன்று பேராவது கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டும், வெளிநாட்டவரும் வேண்டும். அப்படிப்பட்ட போட்டி நம் ஊரில் வருடத்துக்கு எத்தனை நடக்கிறது? எண்ணிப் பாருங்கள். அதனால்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

அப்புறம் பள்ளி. அவர் படித்த வேலம்மாள் பள்ளி சதுரங்கத்துக்கென்றே பேர் போனது. அங்கேதான் ஏழு வயதில் கற்றுக்கொண்டார். வகுப்புக்கு வராவிட்டாலும் பிள்ளையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கே உண்டு. உங்கள் பள்ளியில் ஒரு வாரம் லீவ் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

என் கருத்து: எட்டு வயதில் பள்ளியை நிறுத்த வேண்டாம். அவன் எங்கே ராணியைக் கொடுத்தான் என்று உங்களிடம் பயமில்லாமல் காட்டுகிறானா? முதலில் அதைப் பாருங்கள். கத்தியதற்காக ரொம்ப வருந்தவும் வேண்டாம். நானும் கத்தியிருக்கிறேன், மாணவர்களிடம் இல்லை, என் மகளிடம்.

#7 பழைய_ராஜா

நெல்லைக்காரர் சொல்வதைப் படிக்கும்போது எனக்கு எழுபதுகள் ஞாபகம் வருகிறது. சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் இருந்தது, 1972-ல் ஆரம்பித்தது. மானுவல் ஆரோன், 1961-லேயே இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர், அங்கே சர்வசாதாரணமாக உட்கார்ந்து ஆடுவார். ரஷ்யப் புத்தகமும் பத்திரிகையும் அங்கேதான் கிடைக்கும். எங்களுக்குப் பாஷை புரியாது, கட்டங்களைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். பிறகு அதே கிளப்புக்குத்தான் ஆனந்த் என்ற சிறுவன் வந்தான். நான் ஆபீஸ் முடிந்து போய்ப் பார்ப்பேன். நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் அவன் ஆடி முடித்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவான்.

1986 ஜூலையிலிருந்து இந்தியாவின் முதல் இடத்தில் ஆனந்த். 37 வருடம்! அந்த இடத்தை 2023 செப்டம்பர் பட்டியலில் பிடித்தவர் குகேஷ். அதுவும் ஆனந்தின் பயிற்சித் திட்டத்திலேயே வளர்ந்த பிள்ளை. தன் நாற்காலிக்குத் தானே ஆள் தயார் செய்த மனுஷனை வேறு எந்த விளையாட்டில் பார்த்தீர்கள்?

2013-ல் சென்னையில் ஆனந்த்–கார்ல்சன் போட்டி நடந்தபோது குகேஷ் ஏழு வயதுப் பிள்ளையாகப் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்டக்காரராக இருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்தாராம். நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். ஆனந்த் தோற்கப் போகிறாரே என்ற கவலையில், பக்கத்தில் எந்தக் குழந்தை இருந்தது என்று யார் பார்த்தார்கள்!

#8 சந்தேகன்

பழைய ராஜா சார், உங்கள் பதிவுக்கு எதிராக எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்டே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் என்று அவசர அவசரமாக ஒரு போட்டி வந்ததே? எட்டு பேர், ஏழு சுற்று, மாநில அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பணம். கேண்டிடேட்ஸ் தகுதிக்கு ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) சர்க்யூட் புள்ளி தேவைப்பட்ட நேரத்தில் சரியாக வந்தது. குகேஷ் தகுதி பெற்றார். மற்ற நாட்டுக்காரர்கள் முணுமுணுத்ததில் நியாயம் இல்லையா?

#9 கறுப்புக்காய்

நியாயம் இருக்கிறது. அவசரமாக நடத்தியதுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அழைத்துவிட்டால் போதுமா, ஆடியும் ஜெயிக்க வேண்டுமே? அர்ஜுன் எரிகைசியும் குகேஷும் 4½ புள்ளியில் சமமாக நின்று, டைபிரேக் கணக்கில்தான் குகேஷ் முந்தினார். அர்ஜுன் ஒரு அரைப் புள்ளி கூடுதலாக எடுத்திருந்தால் இந்த இழையே வேறு ஆளைப் பற்றியது. அரசு கதவைத் திறந்து வைத்தது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

(இதில் இன்னொரு கூத்து. சிங்கப்பூரில் ஜெயித்ததும் ஆந்திர முதல்வர் "நம் தெலுங்குப் பையன்" என்றார், நம் முதல்வர் சென்னையைக் கொண்டாடினார். இரண்டு பக்கத்து ஆட்களும் டிவிட்டரில் அடித்துக்கொண்டார்கள். தெலுங்கு பேசும் குடும்பம், சென்னையில் பிறந்து வளர்ந்த பிள்ளை. இதில் அடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?)

#10 நெல்லை_யானை

விட்ட இடத்துக்கு வருகிறேன். "தோற்று எழுவது எல்லாரும் செய்வதுதானே" என்றார் சந்தேகன். இதற்கு ஆட்டத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது.

இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பெரும்பாலும் இன்ஜினோடு, அதாவது நல்ல நகர்வைச் சொல்லும் கம்ப்யூட்டர் மென்பொருளோடு வளர்ந்தவர்கள். எட்டு வயதிலேயே "கம்ப்யூட்டர் +0.8 சொல்கிறது" என்பார்கள். குகேஷுக்கு விஷ்ணு பிரசன்னா பயிற்சி கொடுத்தபோது, கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை இன்ஜினைத் தொட விடவில்லை. நான் முதலில் கேட்டபோது நம்பவில்லை, கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகக்கூடத் தெரிந்தது. யோசித்தால் புரிகிறது. விடை சொல்ல யாரும் இல்லாதபோது பலகையில் நீங்களே கணக்குப் போட வேண்டும், இருபது நகர்வு ஆழம் போய், தவறாக வந்து, மறுபடி போக வேண்டும். அந்தக் கணக்குப் போடும் திறன்தான் அவருடைய முதல். அதனால்தான் நேரம் நிறைய உள்ள கிளாசிக்கலில் ராட்சசன், சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸில் சாதாரணம். நேரம் இருந்தால் கணக்குப் போடுவார், நேரம் இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வார். மாமல்லபுரம், டொராண்டோ இரண்டு தோல்வியும் கடிகாரத்தால் வந்தவை, கவனித்தீர்களா?

சிங்கப்பூரை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். முதல் ஆட்டமே வெள்ளைக் காயோடு தோல்வி. மூன்றாவதில் வெற்றி. பிறகு ஏழு டிரா. பதினொன்றில் வெற்றி, முன்னிலை. பன்னிரண்டில் டிங் அடித்த அடி இருக்கிறதே, அந்தப் போட்டியிலேயே சுத்தமான ஆட்டம் அதுதான். முன்னிலை போச்சு, மிச்சம் இரண்டு ஆட்டம். என்னைப் போன்ற ஆளாக இருந்தால் பதின்மூன்றாவதில் எதையாவது மாற்றி வைத்துப் பாதுகாப்பாக ஓட்டியிருப்பேன். இவர் பதின்மூன்றிலும் அழுத்தினார், டிரா. பதினான்கில் கறுப்புக் காயோடும் அழுத்தினார். கிரிக்கெட் அணியோடு இருந்த பேடி அப்டனை மனப்பயிற்சிக்கு வைத்துக்கொண்டதும் இதற்காகத்தான்.

கார்ல்சனோடு ஒப்பிட்டால்? 2025 நார்வேயில் கிளாசிக்கலில் முதல் தடவையாக அவரை ஜெயித்தபோதும் குகேஷ் தோற்கும் நிலையில்தான் இருந்தார். கார்ல்சன் மேசையில் குத்திய வீடியோதான் ஊரெல்லாம் ஓடியது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை நான் தோற்றிருப்பேன் என்று குகேஷே சொல்லிவிட்டார். ஆக, உலகின் பலமான ஆட்டக்காரர் கார்ல்சன்தான். உலக சாம்பியன் குகேஷ். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் தம்பி.

#11 சந்தேகன்

சரி, யானை அண்ணே. இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். சமர்கண்டில் நடந்த கிராண்ட் சுவிஸ் போட்டியில் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றாரே, அதையும் உங்கள் மாலையில் கோர்த்துவிடாதீர்கள். அதற்கு அடுத்த படி எது என்று தெரிந்த பிறகு கோர்த்துக்கொள்ளலாம்.

#12 கறுப்புக்காய்

அந்த மூன்றில் ஒன்று அபிமன்யு மிஸ்ராவிடம். கர்யாகின் சாதனையைக் கடைசியில் உடைத்தது அந்தப் பையன்தான், 12 வருடம் 4 மாதம் 25 நாள். குகேஷ் பதினேழு நாளில் விட்டதைப் பிடித்தவன். சும்மா சொல்லத் தோன்றியது. கோர்க்கவில்லை.

#13 ஆவடி_அப்பா

யானை சார், உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் பையனிடம் போன மாதம் தோற்ற அந்த ஆட்டத்தைக் காட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு பலகையை எடுத்து வந்தான். ராணியைக் கொடுத்த இடம் வந்ததும் நிறுத்தி, "இங்கே செக் வரும்னு நினைச்சேன், அது செக் இல்லப்பா" என்றான். அவ்வளவுதான் விஷயம். இதற்காகவா கத்தினேன்.

பள்ளியை இப்போதைக்கு நிறுத்தவில்லை. கோச்சிடம் சொல்லிவிட்டேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

நேற்று ராத்திரி நீங்கள் சொன்ன அந்த 14-வது ஆட்டத்தின் கடைசி நிலையை நெட்டில் பார்த்து அடுக்கினோம். நான் வெள்ளை, அவன் கறுப்பு. எஃப்2-ல் யானையை வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும் அல்லவா, அதனால் தைரியமாக உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் எஃப்2 பக்கமே போகாமல் ஆடி, கடைசியில் தோற்றேன். இன்றைக்கு மறுபடி ஆடலாம் என்கிறான். அதை எப்படி டிரா செய்வது என்று யாராவது எனக்குத் தனியாக எழுதினால் நல்லது. அவன் இந்த இழையைப் படிக்கிறான்.